பத்து விநாடி பொறுக்கவும்

ஹரோவில் சண்முகராசா அண்ணையின் வீட்டைக் கண்டுபிடிக்க இலக்கம் தேவையில்லை. நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும் இரட்டை வீட்டில் ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு வெள்ளைத் தூண்கள். தூணடியில் இரண்டு சீமெந்துச் சிங்கங்கள். மற்றப் பாதியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருக்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டியும் ஒரு ரோசாச் செடியும்தான். தெருமுனையிலிருந்து பார்த்தால், அரண்மனை கட்டத் தொடங்கியவன் பாதியில் மனம் மாறிப் போய்விட்டான் போலத் தெரியும்.

நவம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. காலை பத்து மணி என்று கைபேசி சொன்னது; வானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத் தூறல். ஈரச் சருகுகளின் புளித்த மணம். என் பழைய வான் வண்டியைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். 'சாவி தொலைந்ததா? ஜெராட்டைக் கூப்பிடுங்கள்' என்று அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். நான் கார்ப் பூட்டுக்காரன். அந்த எழுத்தைப் பார்த்ததும் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு கை பதறி அசைந்தது. வானைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் விடச் சொல்கிறார் என்று புரிந்தது. விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

"வாரும் ஜெராட். கலியாண வீட்டு வாசலில உப்பிடிப்பட்ட வான் நிண்டால் சனம் என்ன நினைக்கும்?" என்றார் சண்முகராசா அண்ணை.

வீட்டுக்குள்ளும் கோட் போட்டிருந்தார். கோட்டில் ஏதோ சங்கத்தின் சின்னம். அவர் பழைய மாணவர் சங்கத்தின் போசகர், கோயில் தர்மகர்த்தா, விளையாட்டுக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர். அவருடைய விசிட்டிங் கார்ட் மடித்துத்தான் வரும். ஒரு பக்கத்தில் பதவிகள் அடங்காது.

கார் தூண்களுக்கு நடுவே நின்றது. மஞ்சள் நிறம். நிலத்தோடு பதுங்கிய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. எந்தக் கம்பெனியுடையது என்று எழுத மாட்டேன். பேய்க்குப் பயப்படாதவனும் வக்கீல் கடிதத்துக்குப் பயப்பட வேண்டும். முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் தூறலில் கரைந்து வழிந்திருந்தன. வாடிய மாலை ஒன்று கண்ணாடியில் தொங்கியது.

முன்சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் முழுதாகத் திரும்பிக் கிடந்தன.

"வியாழக்கிழமை கோயில்ல பூசை செய்துபோட்டுக் கொண்டு வந்து விட்டனான். அதோட ஸ்டியரிங் பூட்டினது பூட்டினதுதான். அசையுதில்லை. நாளைக்கு என்ர மகள், கலியாணப் பொம்பிளை, இதிலதான் கலியாண ஹோலில வந்து இறங்கோணும். எண்ணூறு சனம். மேலால ட்ரோன் நிக்கும்."

"புதுக் காரோ அண்ணை?"

"பிராண்ட் நியூ."

"அப்ப கம்பெனிக்காரன் வந்து பாப்பானே? வாரண்டி இருக்குமே?"

அண்ணை இருமினார். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி அஜந்தா அக்கா, கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்து பார்த்தார்.

"அவங்கள் திங்கக்கிழமைதான் வருவாங்களாம்," என்றார் அண்ணை.

இந்தப் பூட்டைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். கள்ளனுக்காக வைத்தது அது. காரை நிறுத்திச் சாவியை எடுத்ததும் ஒரு சின்ன மோட்டர், சுண்டுவிரல் அளவு உருக்கு ஆணி ஒன்றைத் தள்ளி, ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் செருகிவிடும். சாவியைப் போட்டால் ஆணி பின்வாங்க வேண்டும். இந்த ரகத்தில் சில கார்களில் அது பின்வாங்காது. அப்போது முன்திரையில் ஒரு வரி வரும்: சாவியை எடுக்கவும், பத்து விநாடி பொறுக்கவும். பொறுத்தால் பெரும்பாலும் திறக்கும். பெரும்பாலும்.

மிக அரிதாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆணி உள்ளே போய்விடும். அப்போது பொறுக்க நேரம் இருக்காது.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருக்கை மெல்ல உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போனது. என் கால்கள் பெடலை விட்டு விலகும் வரை போய் நின்றது.

"உது உப்பிடித்தான்," என்றார் அண்ணை வெளியிலிருந்து. "ஒவ்வொரு தரமும் முன்னுக்கு இழுத்து விடுறன். பேந்து தன்ரபாட்டில பின்னுக்குப் போகுது."

அதில் அதிசயம் இல்லை. இப்படிப்பட்ட கார்கள் முதல் ஓட்டுநரின் உயரத்தை நினைவில் வைத்திருக்கும். அந்த முதல் ஆள் ஆறடிக்குக் குறையாதவன். சண்முகராசா அண்ணை மேடையில் பேசும்போது மைக்குக்கு முன்னால் அவருக்காக ஒரு பலகை போடுவார்கள்.

பிறகு வாசம் வந்தது.

ஸ்ட்ரோபரி வாசம். பழத்தின் வாசம் அல்ல. வேப் குழாயிலிருந்து வருமே, மிட்டாயைச் சுட்டது போன்ற அந்த வாசம்.

"வீட்டில ஆர் அண்ணை வேப் அடிக்கிறது?"

"என்ன கேள்வி காணும்! தர்மகர்த்தா வீடு இது."

ஸ்டியரிங்கின் அடிமூடியைக் கழற்றினேன். டோர்ச்சை அடித்தேன். உள்ளே, எவரும் மறுபடி பூசாத மூலையில், கார் நீல நிறமாக இருந்தது. பூட்டுப் பெட்டியின் மேல் மஞ்சள் பேனாவால் எழுதிய ஒரு குறி.

ஜெ. 4/2.

என் கையெழுத்து.

டோர்ச்சை அணைத்தேன்.

அவன் பெயர் பிரவீணன். இருபத்தாறு வயது. இல்ஃபோர்டில் மருந்துக் கடையில் வேலை. கடந்த பெப்ரவரி நான்காம் திகதி, வேலைத்தலக் கார்ப் பார்க்கில் நீல நிறக் கார் ஒன்று பூட்டிக்கொண்டது என்று கூப்பிட்டான். சுத்தியல் பிடியால் பூட்டுப் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டினேன், திறந்தது. குறி போட்டேன். "இந்த ஆணியைக் கழட்டி எறியோணும் தம்பி. இண்டைக்கு நேரமில்லை. கொஞ்சம் பொறும், கூப்பிடுறன்" என்றேன். வாயில் ஸ்ட்ரோபரிப் புகையோடு சிரித்தான். அவன் நான்கு தரம் கூப்பிட்டான். நான்கு தரமும் பொறும் என்றேன். கடைசியாக ஒரு செய்தி அனுப்பினான். அது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. "அண்ணை, திரும்பப் பூட்டிட்டுது. பத்து செக்கன் பொறுத்தன், திறந்திட்டுது. எப்ப வரலாம்?"

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

நான் குறி போட்ட நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள், நெடுஞ்சாலைக்கு ஏறும் இடப்பக்க வளைவில் கார் வளையாமல் நேரே போனது. வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்தது. வேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பொடியள், ஸ்போர்ட்ஸ் கார், வேறென்ன. குட்மேய்ஸில் அவனுடைய தாய் சிவகௌரி அக்காவிடம் செத்தவீட்டிலேயே அதைச் சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்கு மட்டும்தான் அந்த ஆணியைத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணை," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இது அடிபட்ட கார். நிமித்திப் பெயின்ட் அடிச்சு வித்திருக்கிறாங்கள்."

"மெதுவாக் கதையும்! பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேக்கப்போகுது," என்றார் அண்ணை. பக்கத்து வீட்டுக்காரிக்கு இங்கிலீசில் சொன்னாலே காது கேட்காது. "கொஞ்சம் பாவிச்ச கார்தான். ஊருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்லுறது. உமக்குத் தந்த வேலையை நீர் செய்யும்."

செய்தேன். மூன்று மணி நேரம் எடுத்தது. பூட்டுப் பெட்டியை அறுத்து, மோட்டரைப் பிடுங்கி, ஆணியை உருவி எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இனி அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பூட்ட உலகத்தில் ஒன்றுமில்லை. ஒன்பது மாதம் பிந்திச் செய்த வேலை என்றாலும், செய்தாயிற்று என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்க்க வெளிக்கிட்டபோது அண்ணை மகளையும் ஏற்றிவிட்டார். லக்‌ஷிகா பல் வைத்தியத்துக்குப் படித்து முடித்தவள். அவளுக்கு அன்று ஒரு பயிற்சி: கூறைச் சேலையோடு, நிலத்தில் கிடக்கும் காரிலிருந்து, ட்ரோனுக்கு முகம் கொடுத்தபடி எழும்புவது எப்படி. ஜீன்ஸுக்கு மேல் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றி விட்டிருந்தார்கள்.

"அங்கிள், மெதுவா ஓடுங்கோ," என்றாள். "இந்தக் கார் எனக்குப் பிடிக்கேல்லை. அப்பாட்ட சொன்னால், 'உனக்குப் பிடிக்கிறதுக்கோ வாங்கினது?' எண்டுறார்."

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் போகும் தெரு. சனிக்கிழமை என்பதால் வெறிச்சோடிக் கிடந்தது. மரங்களில் இலை இல்லை. துடைப்பான் இடமும் வலமுமாக முனகியது. ஸ்டியரிங் வெண்ணெய் போலத் திரும்பியது. இருபது மைல் வேகம்.

தெரு இடப்பக்கம் வளைந்தது. நான் திருப்பினேன்.

திரும்பவில்லை.

சீமெந்தில் புதைத்தது போல நின்றது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் சறுக்கி, நடைபாதையில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

இயந்திரம் தானாக அணைந்தது.

திரையில் அந்த வரி வந்தது. சாவியை எடுக்கவும். பத்து விநாடி பொறுக்கவும்.

ஆணி என் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

சாவியை எடுத்தேன். ஒன்று. இரண்டு.

இருக்கை உறுமிக்கொண்டு பின்னால் போனது. என் கால்கள் பெடலை விட்டன. ஸ்ட்ரோபரி வாசம் மூக்கில் அடைத்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன.

"அங்கிள்," லக்‌ஷிகா கிசுகிசுத்தாள். "உங்கட கையைப் பாருங்கோ."

பார்த்தேன். என் கைகளுக்குச் சற்று மேலே, ஸ்டியரிங்கின் தோல் இரண்டு இடங்களில் அமுங்கியிருந்தது. எட்டு விரல் அடையாளம். யாரோ இறுக்கிப் பிடித்திருந்தான்.

ஐந்து. ஆறு.

ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. அது சும்மா நடுங்கவில்லை. இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. யாரோ முழுப் பலத்தையும் போட்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்தான். முடியவில்லை. மறுபடி இழுத்தான். அந்தத் துடிப்பு என் உள்ளங்கை வழியாகத் தோள் வரை ஏறியது. பூட்டினவன் அவன் அல்ல. அவன் இன்னும் அந்த வளைவில்தான் இருந்தான்.

ஒன்பது. பத்து.

என் சட்டைப் பைக்குள் ஆணி ஒரு தரம் துள்ளியது. 'டக்' என்று ஒரு சத்தம்.

ஸ்டியரிங் விட்டது.

இருவரும் எப்படி வெளியே வந்தோம் என்று தெரியாது. படுக்கை விரிப்பு காலில் சிக்க அவள் நடைபாதையில் விழுந்து எழுந்தாள். ட்ரோன் பார்த்திருந்தால் அழகாக இருந்திருக்காது. ஈர மதிலில் சாய்ந்து நின்றபடி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது மாதமாக எவரிடமும் சொல்லாததை, நாளைக்குக் கலியாணம் ஆகப்போகிற ஒரு பிள்ளையிடம் சொன்னேன்.

"பிரவீணனா?" என்றாள் அவள். "அந்தப் பேரை நான் கேட்டிருக்கிறன். வியாழக்கிழமை."

கைபேசியில் பூசை வீடியோவைத் தேடி எடுத்தாள். மேலே ட்ரோன் இரைச்சல், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், நடுவில் சண்முகராசா அண்ணை ட்ரோனைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்கிறார். அஜந்தா அக்காவின் கையில் தட்டு: பூ, பழம், சாவி, ஒரு புத்தகம். காரின் பதிவுப் புத்தகம் இன்னும் தபாலில் வந்திருக்கவில்லை. தட்டில் ஏதாவது புத்தகம் இருக்க வேண்டுமே என்று, காருக்குள் கிடந்த பழைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறார். போன வருடம் ஐயர் அர்ச்சனையில் சண்முகராசா என்பதைச் சண்முகலிங்கம் என்று சொல்லி, அதற்காக ஒரு கமிட்டிக் கூட்டமே நடந்தது. அன்றிலிருந்து ஐயர் பெயர்களை எழுத்தில் பார்த்துத்தான் சொல்வார். குனிகிறார். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கிறார். சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தைப் பார்க்கிறார்.

இரைச்சலுக்கு நடுவே, தெளிவாக: "பிரவீணன் நாமதேயஸ்ய..."

மூன்று தரம் சொன்னார். எலுமிச்சம்பழம் வைத்தார். கார் அதன் மேல் ஏறி நசுக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். இவளைத் தவிர எவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவன் கேட்டிருக்கிறான்.

அது வரை அந்தக் கார் சும்மா ஒரு கார்தான். எங்கள் ஆட்கள்தான் மாலை போட்டு, மணி அடித்து, உரிமையாளனைத் திருப்பி அழைத்திருக்கிறார்கள்.

காரை மெல்ல ஊர விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வீடியோவைப் பார்த்த சண்முகராசா அண்ணை ஐயரைக் கூப்பிட்டார்.

"ஐயா, பேரை மாத்தி ஒருக்கா போனில சொல்லிவிடுங்கோ."

"அர்ச்சனை செய்ததைத் திருப்பி எடுக்கேலாது பாருங்கோ," என்றார் ஐயர் போனில். "வேணுமெண்டால் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கோ."

அண்ணைக்கு முகம் சிவந்தது. "பேயாம், பிசாசாம்! ஹரோவிலயோ? நான் இருந்து காட்டுறன்."

"அப்பா, பிளீஸ்," என்றாள் லக்‌ஷிகா.

"நாளைக்கு இதை ஓடப்போறது நான். எண்ணூறு சனத்துக்கு முன்னால நான் டாக்ஸியில வந்து இறங்கிறதோ?"

உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பூட்டுகள் நான்கும் ஒரே நேரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டே கதவுள்ள கார் அது.

இருக்கை பின்னால் போனது. அண்ணையின் கால்கள் பெடலை விட்டு, நிலத்தை விட்டு, அந்தரத்தில் தொங்கின. முடிவெட்டும் கதிரையில் இருத்திய குழந்தையைப் போல. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது தெரிந்தது. ஸ்டியரிங் அவர் கைகளுக்குள் நடுங்கியது. பிறகு அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அங்கே யாரோ சொல்வதைக் கேட்பவர் போல இருந்தார்.

"அண்ணை, சாவியை எடுங்கோ! பத்து செக்கன் பொறுங்கோ!" என்று கண்ணாடியில் அடித்துக் கத்தினேன்.

பத்தில் கதவு திறந்தது.

வெளியே வந்தவர் கோட்டை நேராக்கினார். முதல் கேள்வி, "ஆரும் பாத்தவையோ?" என்பதுதான். ஒருவரும் இல்லை என்ற பிறகுதான் சிங்கத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்கு ஒரு பொடியன் கதைச்சவன்," என்றார். அவருடைய மேடைக் குரல் எங்கோ போயிருந்தது. "மரியாதையான பொடியன். என்னை ஒண்டும் கேக்கேல்லை. ஜெராட் அண்ணை எப்ப வருவார் எண்டுதான் கேட்டவன்."

கலியாணம் நடந்தது. கார் இல்லாமல் நடக்குமா? காரைப் பழுதடைந்த வாகனம் தூக்கும் லொறியில் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, லொறி முழுக்கப் பூச்சரம் சுற்றி, ஹோல் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கார் மேலே, கீழே தவில். சனம் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டியது. அடுத்த கோடையில் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்திய வீடு வைத்திருக்கும் ஒரு குடும்பம் லொறிக்காரனின் நம்பரை அங்கேயே வாங்கியது. ஹரோவில் ஏற்றும்போது நானே சக்கரங்களை நேராக்கிப் பட்டி போட்டுக் கட்டினேன். ஹோலில் பார்த்தபோது பட்டிகள் கட்டியபடியே இருந்தன. சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

லக்‌ஷிகா என் வானில்தான் வந்தாள். 'சாவி தொலைந்ததா?' என்ற எழுத்துக்குக் கீழே கூறைச் சேலையோடு இறங்கினாள். இறங்குமுன் என் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், அவன்ட அம்மாட்ட சொல்லுங்கோ. ஸ்பீட் இல்லை எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

"ஓம் பிள்ளை. இந்தக் கிழமை கட்டாயம் போறன்."

திங்கட்கிழமை காலை, ஈஸ்ட் ஹாமில் என் வீட்டு வாசலில், வானுக்குள் ஏறினேன். என் வான் இருபது வருடப் பழசு. அதில் திரை இல்லை. மோட்டர் இருக்கை இல்லை. ஸ்டியரிங் பூட்டை நானே எப்போதோ கழற்றி எறிந்துவிட்டேன்.

ஸ்டியரிங் அசையவில்லை.

வாசம் வந்தது.

சாவியை எடுத்தேன். எண்ணினேன். பத்தில் விட்டது. அன்று சிவகௌரி அக்காவிடம் போகவில்லை, வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினொன்றில் விட்டது. புதன் பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு விநாடி கூடிக்கொண்டு வந்தது. வெள்ளியன்று அந்தோனியார் படம் ஒன்றை வாங்கி உள்ளே ஒட்டினேன். சனி பதினைந்து.

நேற்றுப் பதினெட்டில் விட்டது.

இன்று விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். போகும் வழியில் எனக்கு என்ன ஆனாலும் ஒன்று யாருக்காவது தெரிய வேண்டும்: அந்தப் பொடியன் வேகமாக ஓடவில்லை. அவன் பொறுத்துக்கொண்டிருந்தான்.

சற்று முன்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் ஜெராட். பூட்டு வேலை செய்யிறவன். உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும். இப்பவே வாறன்."

"பிரவீணன் சொல்லுற ஜெராட் அண்ணையோ?" என்றார் அக்கா. "வாரும் தம்பி. எப்ப வருவீர் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறான்."

இருக்கிறான் என்றார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஜன்னலால் வான் தெரிகிறது. சாவி மேசையில் என் முன்னால் கிடக்கிறது. நேற்றுச் சக்கரங்களை நேராக்கித்தான் விட்டேன். இப்போது இரண்டும் இடப்பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கின்றன. என் வாசலிலிருந்து குட்மேய்ஸுக்கு இடப்பக்கம்தான் போக வேண்டும்.

முன்கண்ணாடியின் உட்பக்கத்தில், உயரமான ஓர் ஆளின் வாய் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாகப் புகை ஒன்று வந்து பரவி மெல்லக் கலைகிறது.